பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

பேய் பிசாசு விஷயத்தில் என் கொள்கை எளிமையானது. பகலில் நம்ப மாட்டேன், இருட்டினால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போனதெல்லாம் சாமிக்குப் படைத்த படப்புச் சோற்றுக்காகத்தான். ஆனால் நான் சொல்லப்போவது மத்தியான வெயிலில், தச்சநல்லூர் மெயின் ரோட்டில், எதிர்க் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வெந்துகொண்டிருக்கும்போது நடந்தது. அதுதான் சிக்கல். ராத்திரி நடந்திருந்தால் பழியை இருட்டின்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, நானே பாதி இடத்தில் சிரிக்கத்தான் போகிறேன்.

தொண்ணூறுகளில் அங்கே எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். சினிமாப் பாட்டு எல்லாக் கடையிலும் கிடைக்கும். என் கடையில் மட்டும் கிடைத்த சரக்கு வேறு. அதற்குக் காரணம் இசக்கிமுத்து அண்ணாச்சி.

அண்ணாச்சி வானொலி அறிவிப்பாளர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரைமணி நேரம் அவருடையது. எந்தக் கம்பெனியும் கேசட் போடாத, எந்த மேடையும் ஏற்றாத ஆட்களைத் தேடிப்பிடித்துப் பாடவைப்பார். நாற்று நடுகிற பெண்கள், பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள், கணியான் கூத்துக்காரர்கள், கிடார் வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டி வீட்டில் அடி வாங்கிய நாலு கல்லூரிப் பையன்கள். ஆபீஸ் பதிவு மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊர் ஊராகப் போவார். ஒப்பாரியை ஞாயிற்றுக்கிழமை போட்டால் சாப்பாடு எப்படி இறங்கும் என்று நேயர்கள் கார்டு கார்டாக எழுதுவார்கள். அதை அப்படியே வாசித்துவிட்டு, "எழுதினவுக மன்னிக்கணும்" என்று சொல்லி, இன்னொரு ஒப்பாரி போடுவார்.

பாட்டு முடிந்ததும் பாடினவர் பெயர், ஊர், பானை தட்டினது யார், பக்கத்தில் உட்கார்ந்து இருமினது யார் என்பதுவரை சொல்லுவார். அங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. வாடிக்கையாளருக்குப் பாட்டுதான் வேண்டும். அதனால் ரேடியோவிலிருந்து பதியும்போது அவர் வாயைத் திறந்ததும் பதிவை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனை அமுக்குவேன். வாயை மூடியதும் விடுவேன். ஏழு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல். ஒரு எழுத்துக்கூட உள்ளே நுழைந்ததில்லை, அத்தனை சுத்தம். அதைப் பெருமையாக அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"ஏலே, ஆளை வெட்டிட்டு அவன் பாட்டை மட்டும் விக்குதியே, நீ வெளங்குவியாலே?" என்று கேட்டுவிட்டு, பஜ்ஜி வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

ஒரு ஆனி மாதம், பதிவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் நெஞ்சுவலி வந்து அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்தப் பாடகர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். யாரும் பாடவில்லை. பந்தியில் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் அவர் மனைவி கடைக்கு வந்தார். பிரமநாயகி மதினி. குடையை மடக்கிவிட்டு, என் எதிரில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்கிட்ட அவிய பேசுன கேசட்டு ஒண்ணு வேணும்."

நான் பாட்டுப் பட்டியல் நோட்டை மூடி வைத்தேன்.

"மூஞ்சி போட்டோவுல இருக்கு. கொரலு எங்கயும் இல்ல. ரேடியோ நெலயத்துல கேட்டேன், டேப்புத் தட்டுப்பாடாம், போட்டு முடிஞ்சதும் அழிச்சிட்டு அடுத்ததப் பதிஞ்சிருவாகளாம். நீ வாராவாரம் பிடிச்சு வச்சிருப்பன்னு அவியதான் சொல்லுவாவ."

சுவர் நிறையக் கேசட். அத்தனையும் அவர் கொண்டுவந்த பாட்டு. ஒன்றில்கூட அவர் இல்லை. எத்தனையோ பேரிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன், அந்த அம்மாளிடம் ஒன்றும் வரவில்லை. பட்டனைத் தொட்டுக் காட்டி, செய்ததைச் சொன்னேன்.

திட்டியிருந்தால் தேவலை. பட்டனை ஒரு தடவை தானே அமுக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் பாட்டைத்தான கேப்பாவ. நான்தான் பாட்டு எப்பம் முடியும்னு காத்துக்கிட்டு இருப்பேன்."

குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, அவிய கடைசி ஞாயித்துக்கெழம போட்ட பாட்டுகளாவது குடு" என்றார்.

அதைத் தேடி எடுத்தேன். கடையின் மூலக் கேசட்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, நகல்தான் கொடுப்பேன். அன்றைக்குக் குற்ற உணர்ச்சியில் மூலத்தை அவருக்கே கொடுத்துவிட்டு நகலை நான் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இரட்டை டெக்கில் இந்தப் பக்கம் மூலம், அந்தப் பக்கம் காலி கேசட். ஓடவிட்டேன்.

முதலில் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து நடவுப் பாட்டு. முடிந்தது. இப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். என் விரல் வைத்த இடம், எனக்குத் தெரியாதா?

வரவில்லை. மழைத் தூறல் சத்தம் கேட்டது. அப்புறம், நம்பினால் நம்புங்கள், அண்ணாச்சி பேசினார்.

"பாடினது வேலம்மாள். கூடப் பாடினது அவ மருமக, பேரு சொல்ல வெக்கப்படுதா."

விரல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். தப்பு செய்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன். அடுத்த வார்த்தையில் அந்தச் சந்தோஷம் போயிற்று.

"பிரமு, அந்த ஜன்னலச் சாத்து. சாரல் அடிக்கி."

ரேடியோவில் எந்த அறிவிப்பாளராவது பெண்டாட்டியை ஜன்னல் சாத்தச் சொல்லுவாரா? முருகா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், வந்தது என் மனைவி பெயர். ஆபத்தில் நான் யாரைப் பெரிய சக்தியாக நினைக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஸ்டூல் சரிந்தது, ஸ்டூலோடு நான், என் மேல் ஒரு அடுக்குக் காலி டப்பா. அந்தச் சத்தத்தில் பஜ்ஜிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னவே, சாமி வந்துட்டா?" என்று கேட்டார்.

மதினி அசையவில்லை. தினமும் வீடு திரும்புகிறவரை நிதானமாக வரச் சொல்லுகிற மாதிரி, டெக்கைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"சாத்திட்டேன். பைய வாங்க."

‘டக்.’ அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

கவுண்டருக்கு அடியில் கிடந்தபடியே, "மதினி, ஒங்களுக்கும் கேட்டுதா?" என்றேன்.

"ஆபீஸ் மிசினு நனஞ்சிரும்னு அவியளுக்குப் பயம். வீட்டுக்குள்ள காலு வச்சதும் மொத வார்த்த அதுதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "எந்திரி தம்பி, அவிய ஒன்னய ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்றார். எனக்கும் அது தெரியும். கால்களுக்குத்தான் தெரியவில்லை.

கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டு குடையை விரித்து நடந்தார். ரோட்டில் தார் இளகுகிற வெயில். பிறகு எப்போதாவது சந்தையில் பார்த்தால், "கேக்குதியளா மதினி?" என்பேன். "கேக்குதேன்" என்பார். என்ன கேட்கிறது என்று நான் கேட்டதில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

என்னிடம் அந்த நகல் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, பக்கத்தில் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு, போட்டுக் கேட்டேன். நடவுப் பாட்டு முடிகிறது. அண்ணாச்சி இல்லை. மழையும் இல்லை. அவர் பேசிய நேரத்துக்கு வெறும் அமைதி ஓடுகிறது. அப்புறம் மதினியின் குரல், தெளிவாக: "சாத்திட்டேன். பைய வாங்க."

டெக்குக்கும் டெக்குக்கும் நடுவில் ஓடுவது கம்பி மட்டும். அந்தப் பெட்டியில் மைக்கே கிடையாது. மெக்கானிக்கை வைத்துக் கழற்றியும் பார்த்துவிட்டேன். சரி, ஏதோ ஒரு வழியில் கடைச் சத்தம் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்டூல் விழுந்த சத்தம் எங்கே? என் அலறல் எங்கே? பஜ்ஜிக் கடைக்காரர் எங்கே?

அதுகூடப் போகட்டும். மதினி பேசி முடித்ததும் அதில் இன்னொரு சத்தம் இருக்கிறது. மரக் கதவு இரண்டும் சேர்ந்து, கொண்டித் தாழ் விழுகிற சத்தம். என் கடைக்கு ஷட்டர்தான் உண்டு. ஜன்னலே கிடையாது.