நான் பார்த்துத்தான் ஓட்டினேன்

கார்க்காரர் இறங்கி வந்ததும் முதலில் பார்த்தது தன் காரின் கதவைத்தான். நான் சாலையோரப் புல்லில் ஒருக்களித்துக் கிடந்தேன். வாயில் மண்ணும் ரத்தமும். என் சைக்கிள் முன்சக்கரம் வளைந்து, கைப்பிடி பின்பக்கம் திரும்பி, நடுச்சாலையில் கிடந்தது. அவர் கதவில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தார்.

"ஏம்மா, பாத்து வரக்கூடாதா?"

அந்தக் கேள்வி எலும்பு முறிவைவிட அதிகம் வலித்தது என்று எழுதினால் அது பொய். எலும்புதான் வலித்தது. ஆனால் எலும்பு கூடிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கத்தான் எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

நான் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வாரம் முழுவதும் குளிரூட்டிய கூடத்தில், ஜன்னல் இல்லாத சுவர்களுக்குள் நின்றுகொண்டே இருக்கும் வேலை. நாற்பது வயதுக்குப் பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் கூலாயில் எங்கள் வீட்டிலிருந்து செடெனாக் வரை போய்த் திரும்புவேன். இருபுறமும் செம்பனை மரங்கள். அந்த நேரத்துக்கு லோரிகள் அதிகம் இருக்காது. காற்று முகத்தில் படும்போது, இந்த உடம்பு என்னுடையது என்ற நினைப்பு வரும். வாரத்தில் வேறெப்போதும் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். நான் இடது ஓரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் என்னை முந்தியது. முந்திய வேகத்திலேயே, சிக்னல் போடாமல், என் முன்னால் குறுக்கே வெட்டி இடது பக்கச் சந்துக்குள் திரும்பியது. நான் பிரேக்கைப் பிடித்தேன். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. காரின் பின்கதவில் மோதிப் பறந்தேன்.

முகத்தருகே குனிந்தபோதுதான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. எனக்கும் அவரைத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அறுபதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வேனை ஓட்டி, நடக்க முடியாத வயதானவர்களைப் பூசைக்கு அழைத்து வருபவர். என் மாமியாரும் அந்த வேனில்தான் வருவார். ஊரில் அவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

"அட, நீயாம்மா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

சந்தின் எதிரில் தகரக் கூரை போட்ட, தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒரு நாசி லெமாக் கடை உண்டு. அதை நடத்தும் மலாய்க்கார அம்மா துண்டோடு ஓடி வந்தார். "ஜங்கான் கெராக், அசையாதே, அசையாதே" என்று என் தாடையைத் துண்டால் தாங்கிப் பிடித்தார். வெயில் என் முகத்தில் விழாமல் கடைக் குடையைக் கொண்டுவந்து விரித்தார். ஆம்புலன்சைக் கூப்பிட்டவரும் அவர்தான். அது வரும்வரை என் கையை விடவில்லை.

காறையெலும்பு முறிந்திருந்தது. வலது மணிக்கட்டும் போயிருந்தது. முன்பல் ஒன்றில் பாதி இல்லை. மருத்துவமனைக்கு வந்த என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். சாலையில் என்னவெல்லாம் நடக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் இன்னொருத்தியாகிவிட்டேன். சோற்றை இடது கையால் கரண்டியில் அள்ளிச் சாப்பிட்டேன். சட்டைப் பொத்தான் போட இன்னொருவர் வேண்டும். கணவர் எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். லோரிக்குக் கயிறு இறுக்குகிற அதே பலத்தோடு இழுப்பார். "மெதுவா" என்றால், "அவுந்துரும்லா" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தோள் வலிக்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான். எல்லாரும் பழம் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இந்த வயசுல உங்களுக்கு ஏன் சைக்கிள்?" சிலர் அதை நகைச்சுவையாகக் கேட்டார்கள். ஒருத்தி என் தொடையிலேயே தட்டி, "பேசாம ஜூம்பா ஆடுங்க, வீட்டுக்குள்ளயே" என்றாள். கார் ஓட்டியவரைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய வயதில் அவருக்கு எதற்குக் கார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போலீஸ் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போன கணவர் முகம் இருண்டு திரும்பினார்.

"அவரு முன்னாடியே ரிப்போர்ட் குடுத்துட்டாரு. சிக்னல் போட்டு மெதுவா திரும்பிக்கிட்டு இருந்தாராம். நீ இடது பக்கமா ஸ்பீடா வந்து அவரு கார்ல அடிச்சியாம்."

"அப்படியா சொல்லியிருக்காரு?"

"அப்படித்தான்."

வலி மாத்திரை தந்த மயக்கம் அந்த நொடியில் தெளிந்துவிட்டது. பயத்தில் அப்படிச் சொல்லியிருப்பார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்துகொள்ளவே விருப்பமில்லை.

சில நாட்கள் கழித்து அவரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறைய ஆப்பிள். அவர் மனைவி பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர், மென்மையான பெண்மணி. என் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அழுதேவிட்டார். கார்க்காரர் மட்டும் எங்கள் வரவேற்பறைத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஆண்டவர் சித்தம்மா. உசுரு பொழைச்சதே பெரிசு. இத இத்தோட விட்டுருவோம். போலீஸ், கோர்ட்டுன்னு போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"ஆண்டவரா உங்கள சிக்னல் போட வேணாம்னு சொன்னாரு, அண்ணே?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கார்க்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிக்கிறதுதானேம்மா நமக்குச் சொல்லிக்குடுத்தது? அவரு லைசென்ஸ் போச்சுன்னா வேன யாரு ஓட்டுவா? அந்த வயசானவங்க எல்லாம் எப்படிப் பூசைக்கு வருவாங்க? கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். ஊர் முழுவதும் என் மேல் வைக்கப்போகிற பாரம் எது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் கிழவிகளின் பூசையைக் கெடுத்தவள் ஆவேன்.

"அந்த வேன்ல என் மாமியாரும்தான் வர்றாங்க" என்றேன். "சிக்னல் போடாம வளையிற ஒருத்தர், அது தன் தப்புன்னு தெரியாமயே நாளைக்கும் அவங்கள ஏத்திக்கிட்டுப் போவாரு. அதுக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு. மன்னிக்கச் சொன்னா மன்னிக்கிறேன், அக்கா. ஆனா நான் பாக்காம வந்தேன்னு சொல்லச் சொல்லாதீங்க. அது மன்னிப்பு இல்ல, பொய்."

கார்க்காரர் எழுந்தார். வாசல்வரை போய், "நீ வந்து விழுந்தேம்மா. நான் என்ன செய்ய?" என்றார். ஆப்பிள் பையைக் கணவர் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அவர்கள் போனதும் கணவர் சொன்னார், "விசாரிக்கிற போலீஸ் சார்ஜன் ரெண்டு பேரு பேச்சையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. சாட்சி இல்லாம ஒண்ணும் நடக்காது."

"சாட்சி இருக்கு. என்னைய அந்த ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

விபத்துக்குப் பிறகு நான் வீட்டைவிட்டு வெளியே போன முதல் பயணம் அது. தோளில் கட்டோடு, காரின் முன்னிருக்கையில், ஒவ்வொரு சந்து வரும்போதும் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது. நாசி லெமாக் கடையில் கூட்டம் குறைந்திருந்தது. அந்த அம்மா என்னைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, என் நல்ல தோளைக் கட்டிக்கொண்டார். மலாயில் நான் விஷயத்தைச் சொன்னேன். கார்க்காரர் போலீசில் சொன்னதையும் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! உன்னை முந்தினான், உடனே வெட்டினான், விளக்கு எரியவில்லை. இதை என்னிடம் யாருமே கேட்கவில்லையே?"

"வந்து சொல்வீர்களா?"

"கடையைப் பாதி நாள் மூடினால் போயிற்று. அவன் சனிக்கிழமைதோறும் இங்கேதான் வாங்குவான். இனி வேறெங்காவது வாங்கட்டும்."

அவர் சொன்னபடியே போலீஸ் நிலையத்துக்கு வந்தார். நல்ல பூப்போட்ட பாஜு கூரோங் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார். சார்ஜன் மேசையில் கிடந்த பேனாவையும் அழிப்பானையும் எடுத்து, பேனா கார், அழிப்பான் சைக்கிள் என்று நகர்த்திக் காட்டினார். சார்ஜன் ஒரு முறை பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார். அவர் அதே மாதிரி மறுபடி செய்தார். பிறகு சார்ஜன் என்னிடம், "நீங்கள் ஏன் அந்த ஓரத்தில் ஓட்டினீர்கள்?" என்று கேட்டார்.

"வேறு எந்த ஓரத்தில் ஓட்டச் சொல்கிறீர்கள், துவான்?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்.

தேவாலயத்தில் விஷயம் பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது சில பேச்சுகள் நான் வந்ததும் நின்றன. பெரியவரைப் போலீசுக்கு இழுத்தவள் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த ஞாயிறு போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு, நான் எதற்கு ஒளிய வேண்டும் என்று கோபம் வந்தது. உடைந்த பல்லோடும் கட்டுப்போட்ட கையோடும் போய் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். பாட்டு வரும்போது சத்தமாகப் பாடினேன். பல் இடுக்கில் காற்று போய்ச் சில சொற்கள் சீழ்க்கையாக வந்தன. அப்படியும் நிறுத்தவில்லை.

அன்று மாலை கணவர் பங்குத் தந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வேன் சாவிய வாங்கிட்டேன்" என்றார்.

"என்னது?"

"இனி ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டப்போறேன். எவனும் உன்னையச் சொல்லிக் காட்டக்கூடாது, பாரு."

ஆறு நாள் லோரி ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர் ஆற அமரத் தூங்கும் நாள். நான் எழுந்து போய் அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

வழக்கு நீதிமன்றம் போனது. கார்க்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். லைசென்ஸ் போகவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. நடந்தது நடந்தபடி எழுதப்பட்டதா என்று மட்டும் பார்த்தேன். எழுதப்பட்டிருந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிறு, பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில், அவர் தன் வரிசையை விட்டு எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கை கூப்பினார்.

"பாக்கலம்மா" என்றார் மெல்ல. "முந்துனது ஞாபகம் இருக்கு. அப்புறம் உன்னைய நான் பாக்கவே இல்ல. மறந்தே போயிட்டேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அண்ணே, நானே உங்களுக்காகப் பேசியிருப்பேன்."

"தெரியும்மா."

நானும் கை கூப்பினேன். முழுவதுமாக ஆறிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கை கூப்பலில் பொய் இல்லை.

மீதி இருந்தது சைக்கிள். வளைந்த சட்டத்தைக் கணவர் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டிருந்தார். நான் புதிதாக ஒன்று வாங்கி வந்த அன்று அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினார்.

"பார்க்ல ஓட்டு. சுத்திச் சுத்தி. யாரு வேணாங்கிறா?"

"பார்க்ல வாத்துதான் சுத்தும். எனக்கு ரோடு வேணும்."

"இன்னொரு தடவ அந்தக் கட்டில்கிட்ட வந்து நிக்க என்னால முடியாதுலா" என்றார்.

அவர் பயம் நியாயமானது. என் பயமும்தான். முதல் நாள் வீட்டு முக்குவரை போவதற்குள் கை வியர்த்துப் பிடி வழுக்கியது. பின்னால் கார்ச் சத்தம் கேட்டாலே உடம்பு இறுகிப்போகும். இரண்டு தடவை இறங்கித் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை தள்ளவில்லை. முன்பெல்லாம் சாலையின் கோட்டுக்கு வெளியே, சரளைக்கல்லில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓட்டுவேன். இப்போது கோட்டுக்கு உள்ளே ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவர் என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எரிச்சலோடு பார்த்தாலும் பரவாயில்லை, பார்த்தால் போதும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, செடெனாக் பக்கம் போகாமல் மேற்கே திருப்பினேன். தோட்டங்களைத் தாண்டி, அன்னாசிக் காடுகளைத் தாண்டி, தொடை கெஞ்சக் கெஞ்ச மிதித்தேன். காறையெலும்பு கூடிய இடம் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. கடற்கரையில் இறங்கி, ஒரு சீனக் கடையில் வான்தான் மீ நூடுல்ஸ் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது.

"எங்க இருக்க?" என்றார் கணவர்.

"பொந்தியான்ல."

"அலமாக்! சைக்கிள்லயா?"

"பின்ன, கப்பல்லயா?"

"அங்கயே இரு. நான் வந்து ஏத்திக்கிறேன்."

"வேணாம். சாப்பிட்டுட்டு ஓட்டிக்கிட்டு வர்றேன்."

"வெயிலு ஏறுது."

"தெரியும்" என்றேன். மீ வந்துவிட்டது. வலது கையாலேயே குச்சிகளைப் பிடித்து அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தேன்.