நான் பெயர் வைக்காத பிள்ளை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். பதுளையில் கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு காப்புறுதி முகவராக அலைந்தவன். நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நான் பொய்க்காரன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓமான், கத்தார் எண்ணெய் வயல்களுக்குப் போனவர்கள் லீவில் வரும்போது வீடு தேடிப்போய் அவர்களுக்கு ஆயுள் காப்புறுதி விற்பதுதான் என் தொழில். புது டீவியும் புதுக் கட்டிலுமாக இருக்கிற வீட்டில் சாவைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? அதற்காக நான் ஒரு செத்த மனிதனை உண்டாக்கினேன். பெயர் செல்வராஜ். எண்ணெய்க் கிணற்றில் தீப்பிடித்து இறந்தவன். கொஸ்லந்தயில் சொல்லும்போது அவன் நமுனுகுலக்காரன், நமுனுகுலயில் சொல்லும்போது கொஸ்லந்தக்காரன், அதனால் யாரும் விசாரிக்க முடியாது. அவன் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற அறை, மழையில் கல்லாகிப்போன சிமெந்து மூட்டை, இளம் மனைவி, முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவன் லீவுல கொண்டாந்த மஞ்சள் ஹெல்மெட்டுல இப்ப கோழி முட்டையிடுதும்மா" என்பேன். அந்த இடத்தில் வீட்டுப் பெண்கள் அழுதுவிடுவார்கள், புருஷன் பேனாவை எடுப்பான். எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. புது முகவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு டிசம்பர் பிற்பகல், கணேசன் என்று லீவில் வந்திருந்த ஒருவனைப் பார்க்கப் பெரகலயில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். பனி மூடி, பாதை தவறி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநின்ற, தெரியாத ஒரு லயத்தின் கடைசி வீட்டுக்குமுன் போய் நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள்.

"வாங்க சார், நனையாதீங்க. என்னைக்காச்சும் வருவீங்கன்னு தெரியும்."

"என்னைத் தெரியுமாம்மா?"

"நல்லா கேட்டீங்க. எங்க வீட்டுக்காரரப் பத்தி ஊரெல்லாம் பேசுறது நீங்கதானே."

நான் சிரிக்கப் பார்த்தேன். அப்போது வாசலோரம் ஒரு கோழி கொக்கரித்தது. மல்லாந்து கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கூரையில்லாத சுவர், சுவரடியில் கல்லாகிப்போன சிமெந்து மூட்டை. அந்த மூட்டையின்மேல் காலாட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. அதற்கு முன்பல் இல்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நெருப்புலயா சார் சாகடிக்கணும்? வேற வழியா இல்ல?" என்றாள். "சரி, அது முடிஞ்சுபோச்சு. இவளுக்கு மட்டும் பேரு வைக்காம விட்டுட்டீங்களே. இந்த ஜனவரியாச்சும் ஸ்கூல்ல சேக்கணும், அங்க பேரு கேக்குறாங்க. எல்லாத்தையும் நீங்கதானே குடுத்தீங்க, அதையும் குடுத்துட்டுப் போங்க."

பிள்ளை இறங்கிவந்து என் விரலைப் பிடித்தது. "எம் பேரு என்ன மாமா?"

உலகத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான், நிர்மலா. என் மகளின் பெயர். அவளுக்கும் அப்போது அந்த வயதுதான். அந்தப் பெயரை அந்த வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் சாவைச் சுமந்துபோனவன், என் வீட்டிலிருந்து ஒரு பெயரைக்கூடத் தராமல் விரலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

ரோட்டில் கணேசனே எதிரில் வந்தான். "அந்தப் பக்கம் லயம் ஏது சார், வெறும் தேயிலதானே" என்றான்.

அதற்குப்பின் நான் எங்கும் அந்தக் கதையைச் சொன்னதில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பொய்யைச் சொன்னேன், பிள்ளையைச் சொல்லவில்லை.

இதெல்லாம் பழைய கதை. நிர்மலாவுக்குக் கல்யாணமாகி, மருமகனும் கத்தாரில் எண்ணெய் வயலில்தான் வேலை பார்க்கிறான். சில மாதங்களுக்குமுன் அவன் லீவில் இருந்தபோது ஓர் இளம் முகவர் வீட்டுக்கு வந்தார். "நமுனுகுல பக்கம் செல்வராஜ்னு ஒருத்தருங்க அண்ணே" என்று தொடங்கினார். நான் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கதையில் கோழி முட்டையிடும் இடம் வந்ததும் என் மகள் கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், அந்தப் புள்ள பேரென்ன தம்பி?"

"நிர்மலாங்க அக்கா."

"அட, நம்ம வீட்டம்மா பேரு!" என்று மருமகன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

நான் அந்த முகவருக்குப் பின்னாலேயே வாசல்வரை போனேன். "தம்பி, கதையில அந்தப் புள்ளைக்குப் பேரு கிடையாது. யாரு சொன்னா?"

அவர் முகம் மாறியது. "சிரிக்கக்கூடாதுங்க ஐயா. பெரகலயில பஸ்ஸ விட்டு எறங்குறேன், ஒரே பனி. ரோட்டோரம் ஒரு சின்னப்புள்ள, முன்பல்லு இல்ல, புது ஸ்கூல் உடுப்பு. சும்மா பேரு கேட்டேன். அது சொன்ன பேரத்தான் கதையில வச்சேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்த லயத்தில் அந்தப் பெயரை நான் வாய்திறந்து சொல்லவே இல்லை.

மருமகன் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பிவிட்டான். தினமும் போனில் பேசுகிறான், சுகமாகத்தான் இருக்கிறான். அவன் கொண்டுவந்த பழைய ஹெல்மெட் எங்கள் பின்வாசலில் கிடக்கிறது. அதுவும் மஞ்சள்தான். நிர்மலா எழும்புமுன் தினமும் நான் போய் அதற்குள் கைவைத்துப் பார்க்கிறேன். இளஞ்சூடாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கோழி கிடையாது.