கட்டத்துக்கு வெளியே ஒரு கையெழுத்து

தேசப்படத்தை வரைந்தவரின் கையெழுத்து, படத்தைச் சுற்றிய கட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பது எங்கள் பதிப்பகத்தின் விதி. நூற்றாண்டுதோறும் நாடுகளின் எல்லைகள் நகர்ந்ததைப் பல வருடம் உட்கார்ந்து வரைந்தேன். மாட்டுங்காவில் எதிர்வீட்டுச் சிநேகிதரான என் மேலாளர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஓய், கையெழுத்தை வெளியில போடும். உள்ள போட்டா அரபிக்கடல்ல ஈ உக்காந்தாப்ல இருக்கு."

நம்பி, வெளி ஓரத்தில் போட்டேன். அச்சாகி வந்தபோது ஓரத்தைக் காணோம்; அதே அரபிக்கடலில் அவர் பெயர் இருந்தது. பேரரசுகள் எல்லையை நகர்த்தப் படை திரட்டின. இவருக்கு ஒரு கத்தரிக்கோல் போதுமாயிருந்தது.

நிர்வாகத்துக்கு முறைப்படி மனு எழுதினேன். கட்டத்துக்குள் என் கையெழுத்து இல்லாததால், விதிப்படி படம் என்னுடையதல்ல என்று பதில் வந்தது. வந்த தேதி 1967 அக்டோபர் 9, நான் ஓய்வுபெற்றதற்கு மறுநாள்.