பேன்ட் போட்ட வண்டி

குளிர்காலம் பெட்டிக்காரியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்ட பிறகுதான் ஊருக்குள்ளேயே நுழைகிறது. துருவத்துக் கரடிகளுக்குக் கைகால் சில்லிட்டுப் போனால் யோசனை கேட்டு அவளிடம்தான் ஆள் அனுப்புகின்றன. ஒரு தடவை அவள் முறைத்த முறைப்பில் உறைந்து கிடந்த குளம் ஒன்று மளமளவென்று இளகி, மீன்கள் எல்லாம் வாலில் எழுந்து நின்று கும்பிட்டன. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். கதை அவர்களுக்காக நிற்காது.

மற்றபடி பெட்டிக்காரி ஒல்லியான ஆள். காற்று பலமாக அடித்தால், வண்டியை அவள் பிடித்திருக்கிறாளா, வண்டி அவளைப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வரும். விடிவதற்கு முன்பே கிளம்பி, சின்னச் சின்ன மருத்துவமனைகளில் ஊசி குத்தி எடுத்து வைத்திருக்கும் ரத்த டியூப்களை ஒரு நீலப் பெட்டியில் அடுக்கி, பெரிய லேப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. பெட்டி எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பெரியவர்கள் அவளைப் பெட்டிக்காரி என்றார்கள். தெருப் பிள்ளைகள் ரத்தக்காட்டேரி என்றார்கள். அவளும் சளைக்காமல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பல்லைக் காட்டிவிட்டுப் போவாள்.

வண்டிக்கு முன்னால் அவள் வாழ்க்கை அதே லேப்பின் கழுவும் அறையில் கழிந்தது. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. வரிசையாகக் குழாய்கள், சோப்பு நுரை, மலை மலையாகக் கண்ணாடிச் சாமான். வெளியே மழை பெய்கிறதா, வெயில் கொளுத்துகிறதா என்பதை மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் அடுத்தவர் செருப்பைப் பார்த்தே வானிலை அறிந்தவள், பழைய வண்டிக்காரர் வண்டியை விட்டு இறங்கிய அன்று நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"அந்த வேலையை எனக்குக் குடுங்க சார்."

"வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாது. வர்ற திங்கக்கிழமை தெரியும்."

திங்கட்கிழமை தெரிந்தது. முழங்காலில் பெரிய கட்டோடு தெரிந்தது. ஆனாலும் தெரிந்தது.

வெயிலும் மழையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. குளிர்தான் கையைத் தேடி வந்தது. ஓடும் வண்டியில் காற்று முதலில் விரல் நுனியைக் கடிக்கும். பிறகு விரல் முட்டிகளைக் கடிக்கும். வலிக்கிறவரைக்கும் பயமில்லை. திடீரென்று வலி நின்றுவிடும் பாருங்கள், அங்கேதான் விவகாரம். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் செய்யாத வித்தை இல்லை. தடிமனான கையுறை போட்டாள். கிளச் எங்கே இருக்கிறது என்று துழாவ வேண்டியதாயிற்று. மெல்லிசாக இரண்டு ஜோடி போட்டாள். குளிருக்கு இரண்டு கதவு திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. கைக்கு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மேலே கையுறை போட்டாள். உள்ளே வேர்த்து, அந்த வேர்வையே பிறகு ஐஸாக மாறியது. சிக்னலில் நிற்கும்போது குனிந்து சூடான இஞ்சினை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஒருநாள் கையுறையின் சுண்டுவிரல் உருகி இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்த வருடக் குளிர் போன வருடத்துக் குளிருக்கு அண்ணன். அப்படி ஒரு காலையில் லேப் கவுண்டரில் பெட்டியை நீட்டினாள். கவுண்டரில் இருந்த பையன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பெட்டி வரவில்லை. மறுபடி இழுத்தான்.

"அக்கா, விடுங்க."

"விட்டுட்டேன்ப்பா."

"விடலையேக்கா!"

குனிந்து பார்த்தாள். விரல்கள் கைப்பிடியைச் சுற்றிப் பூட்டு மாதிரி மூடிக் கிடந்தன. மனசு விடச் சொன்னது, கை கேட்கவில்லை. பையன் வெடுக்கென்று இழுத்தான். கொக்கி தெறித்து மூடி திறந்துகொண்டது. டியூப்கள் தரையில் சிதறிச் சில உடைந்தன. பையன் பதறிப்போய் மேனேஜருக்கு போன் போட்டான்.

"சார், டியூப் ஒடஞ்சிருச்சு. அக்கா விறைச்சுப்போய் நிக்கிறாங்க சார்."

பையன் சொன்னது கையை. மேனேஜர் காதில் விழுந்தது திமிர். தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்னம்மா, ஒரு பெட்டியைக் குடுக்கறதுக்கு இவ்வளவு விறைப்பா?"

பெட்டிக்காரி வாயைத் திறந்தாள். 'கை மரத்துப்போச்சு சார்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு முன் இருந்த வண்டிக்காரரின் ஞாபகம் வந்தது. அவர் இதே இடத்தில் நின்று அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். பாவம் என்று எல்லோரும் உச்சுக் கொட்டி, அவர் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, கீழே கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். வெந்நீர் வரும், கை சூடாக இருக்கும் என்றார்கள். ஒரே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கை போய்விட்டது என்றால் கழுவும் அறை. திமிர் என்றால் ஒரு திட்டு. அவள் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"ஆமா சார். விறைப்புதான்."

"யார்கிட்டம்மா உன் விறைப்பு?"

"வெடுக்குனு பிடுங்குறவங்ககிட்ட. ஊசி குத்தினப்ப அந்தச் சனம் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிச்சு. நம்மளும் பெட்டியைக் கொஞ்சம் பொறுமையா வாங்கலாம்."

கவுண்டர் பையன் வாயைப் பிளந்தான். மேனேஜருக்குக் காது மடல் சிவந்தது. "இன்னொரு டியூப் ஒடைஞ்சா வேன் வச்சுப்பேன். நீ கீழ போயிடணும். பாத்துக்க" என்றார்.

திட்டு வாங்கியவள் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. உடைந்த டியூப்களுக்குச் சொந்தக்காரர்கள் மறுபடி வந்து ஊசி குத்திக்கொள்ள வேண்டுமே. அவர்களில் ஒவ்வொருவரையும் தேடிப்போய்த் தானே சொன்னாள். ஒரு கிழவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "என்கிட்ட இருக்கறதே கொஞ்சம். அதையும் கீழ கொட்டிட்டியா?"

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் புருஷன் குழாய் வேலை பார்க்கிறவர்; எங்கே கசிகிறது என்று சுவரைத் தட்டியே கண்டுபிடிக்கிற ஆள். அவள் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் குடிப்பதைப் பார்த்தார்.

"என்ன, டம்ளரைக் கும்பிடற?"

"சூடா இருக்கு."

"ஆறிப்போன டீ அது. கையைக் காட்டு."

காட்டினாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வண்டியை விடு என்று சொல்லியிருந்தால் வீட்டில் போர் மூண்டிருக்கும், அது அவருக்கும் தெரியும். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் கறுப்பாக, தடிமனாக, நடுவே ஓட்டை போட்ட பஞ்சுக் குழல் ஒன்றைக் கொண்டு வந்தார். குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க அதன்மேல் போர்த்துகிற சமாச்சாரம்.

"குழாய்க்கே போர்வை போத்துறோம். உனக்குப் போத்த மாட்டமா?"

குழலைப் பிளந்து ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கூடாரம் மாதிரி வளைத்துக் கட்டினார்கள். மேலே காற்று புகாமல் உறை வேண்டும். பெட்டிக்காரி அலமாரிக்குள் கையை விட்டு, தடிமனாகத் தட்டுப்பட்ட பழைய பேன்ட் ஒன்றை உருவி, இரண்டு காலையும் கரக் கரக்கென்று வெட்டி, முனைக்கு ஒன்றாக மாட்டித் தைத்தாள். தைத்து முடித்த பிறகுதான் புருஷன் வந்து பார்த்தார்.

"இது பழசு இல்லம்மா. கல்யாணங்களுக்குப் போட வச்சிருந்தது."

"எத்தனை கல்யாணத்துக்குப் போட்டீங்க?"

"இன்னும் ஒண்ணுக்கும் போடல."

"அப்ப வண்டி போட்டுக்கட்டும்."

காப்பிப்பொடி நிறத்தில் இரண்டு கால்கள். முன்னால் நின்று பார்த்தால், யாரோ ஒரு பெரிய மனிதர் வண்டிக்குள் தலைகீழாக விழுந்து காலை மட்டும் வெளியே விட்டிருப்பதுபோல இருந்தது. அந்த வீட்டில் அக்கா மகள் ஒருத்தி வளர்கிறாள். அம்மா வெளியூரில் வேலை பார்க்க, இவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டுச் சித்தி வீட்டில் குறும்பையே தொழிலாகச் செய்துகொண்டிருந்தாள். பெயர் வாலு. தெருவே கேட்கிற மாதிரி அவள்தான் முதலில் கத்தினாள்.

"சித்தி! சித்தப்பா எப்ப வண்டிக்குள்ள விழுந்தாரு? ஆம்புலன்ஸ் சொல்லட்டா?"

"உன்னையும் உள்ள தள்ளிருவேன், ஓடிப் போயிரு!"

தெரு சிரித்தது. பெட்டிக்காரி காலுக்குள் கையை விட்டு, கிளச்சை இரண்டு தடவை பிடித்துப் பார்த்து, சிரித்தவர்களுக்கு நடுவே புகை கிளப்பிக்கொண்டு போனாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. மறுநாள் விடிகாலையிலிருந்து, அவள் பேன்ட் காலுக்குள் கையை விட்டபோதெல்லாம் பக்கத்துக்கு ஒன்றாக, பழைய சாக்ஸுக்குள் சுற்றிய வெந்த உருளைக்கிழங்கு சுடச்சுட இருந்தது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வாலு போர்வைக்குள் தலை தெரியாமல் கிடப்பாள். பெட்டிக்காரி யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வழியெல்லாம் விரல் ஆறாமல் வரும். லேப் வாசலுக்கு முந்தின திருப்பத்தில் நிறுத்தி, கிழங்குகளை ஜாக்கெட் பைக்குள் தள்ளிவிடுவாள். மத்தியானம் அவற்றையே உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, சாக்ஸை மட்டும் துணிக்கூடையில் போட்டுவிடுவாள். இந்தக் கிழங்கு சங்கதி அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடத்திலேயே பொல்லாத குளிர் விழுந்த காலை, மேனேஜர் லேப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் லேப்பின் பெயர் பளிச்சென்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு பேன்ட் கால்கள் ஆடிக்கொண்டு வருகின்றன.

"என்னம்மா இது கண்றாவி?"

"வண்டிக்குக் குளிருது சார்."

"விளையாடறியா? லேப் பேரு போட்ட வண்டி. பாக்கறவன் சிரிக்க மாட்டான்? கழட்டு. இல்ல சாவியைக் குடு."

கவுண்டர் பையன், காவலாளி, கீழே கழுவும் அறைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பெட்டிக்காரி சாவியைக் கொடுக்கவில்லை. இறங்கினாள். பெட்டியை எடுத்துவந்து கவுண்டர்மேல் வைத்தாள். கொக்கியைத் தானே தள்ளினாள். இருப்பதிலேயே சின்ன டியூபை, எங்கோ ஒரு கைக்குழந்தையிடம் எடுத்ததை, இரண்டு விரலால் பூப்போலத் தூக்கி, டியூப் செருகும் தாங்கியில் நிறுத்தினாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. பெட்டி காலியாகும் வரைக்கும் ஒன்றுகூடக் 'கிணுங்'கென்று சத்தம் போடவில்லை.

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு விறைச்சது நான் இல்ல சார். என் கை. கீழ அனுப்பிருவீங்கன்னுதான் திமிருன்னு ஒத்துக்கிட்டேன். இன்னைக்குக் கை விறைக்கல, நீங்களே பாத்தீங்க." ஒரு மூச்சு விட்டாள். "இப்ப விறைச்சு நிக்கறது நான். இதைக் கழட்ட மாட்டேன்."

கீழே போகவேண்டிய இரண்டு பெண்களில் ஒருத்தி "அப்படிச் சொல்லு!" என்று சொல்லிவிட்டு, சொன்னது தான் இல்லை என்பதுபோல மேலே பார்த்தாள்.

மேனேஜர் குறை கண்டுபிடிக்கலாம் என்று வண்டிக்குப் பக்கத்தில் போய், ஒரு பேன்ட் காலுக்குள் கையை விட்டார். வெறுங்கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்த மனிதர். உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. கை உள்ளே போனது போனதுதான். அவர் முகம் மெல்ல இளகியதை எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கையையும் மற்றக் காலுக்குள் விட்டார்.

"உள்ள என்ன வச்சிருக்க?"

"தண்ணிக் குழாய்க்குப் போத்துற பஞ்சு சார்."

"ம்." கையை எடுக்காமலே யோசித்தார். "சரி. இருக்கட்டும். கறுப்பு நிறத்துலயாவது தைக்கக் கூடாதா?"

"அது என் வீட்டுக்காரர் பேன்ட் நிறம். அவர்ட்ட கறுப்பு ஒண்ணுதான் இருக்கு, அதைப் போட்டுட்டு வேலைக்குப் போயிருக்காரு."

வேன் வரவில்லை. அடுத்த வாரம் காவலாளியின் வண்டியும் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தது.

இவ்வளவையும் சித்தி வாய்விட்டுச் சொல்லச் சொல்லக் கேட்டு, வாலுதான் எழுதினாள். எழுதிய கையோடு சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தும் காட்டினாள். சித்தப்பா பேன்ட் வருகிற இடத்தில் மட்டும் பெருமூச்சு விட்டார். சித்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கரடி எங்கடி வந்துச்சு?"

"அது ஒரு பில்டப்பு சித்தி."

"சரி. அந்தக் கிழங்கு இடத்தை மறுபடி வாசி."

வாலு வாசித்தாள். 'அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது' என்ற இடம் வந்ததும் சித்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நான் உன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கிழங்கைப் பத்தி மட்டும் சொல்லல. ஒருத்தருக்கும் தெரியாததை நீ எப்படி எழுதின?"

வாலு காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "சித்தப்பா சொன்னாரு" என்றாள் கடைசியில்.

"நானா?" என்றார் சித்தப்பா. "என் சாக்ஸு தெனம் காணாமப் போயி, மண்ணு வாசத்தோட திரும்பி வருதே, யாரு வேலைன்னு நானே முழிச்சிட்டிருக்கேன்."

வாலு காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். காதுகள் மட்டும் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தெரிந்தன.

சித்தி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குச் சின்னதாப் பாத்து வேக வைடி. பெருசு கிளச்சுல இடிக்குது."