கொதித்தால் தெளிவது

ரசத்தைக் கரண்டியில் மொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பட்டாபிராமன். தெளிவு திருப்தியாக இருந்தால்தான் சாதத்தில் விடுவார். விருந்தாளிகள் பிசைந்த கையோடு காத்திருந்தாலும் மனிதர் அசையமாட்டார்.

பவானிபூரில் ஒரு வங்காளி டாக்டரின் சோதனைச்சாலையில் அவருக்கு உத்தியோகம். நோயாளிகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்துச் சொல்லவேண்டும். கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவரை வந்து, ஏதாவது கம்பெனியில் மரியாதையாக உட்காராமல் இந்த வேலைக்குப் போனாரே என்று எங்களுக்கெல்லாம் இளக்காரம்தான். புதிதாக ஓடும் மின்சார டிராமில் யாராவது வணக்கம் சொன்னால், சற்று விழித்துவிட்டு, "ஓ, சர்க்கரையா!" என்பார். முகம் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

கொல்லைக் குழாயடியில் ஸ்நானம் செய்யாமல் மனைவி ஜகதாம்பாள் அவரை உள்ளே விடமாட்டாள். "ஊரார் மூத்திரத்தையெல்லாம் தொட்டுட்டு வரேள். அங்கேயே நில்லுங்கோ!" அவருக்குக் கோபமே வராது. தலையைத் துவட்டிக்கொண்டே, "கலங்கினா கவலை, தெளிஞ்சா தப்பிச்சான். இவ்வளவுதாண்டி எங்க வைத்தியம்!" என்பார். வருஷக்கணக்காகக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை. மாடியில் குடியிருக்கும் என்னிடம்தான் ஒருநாள் சொன்னார்.

"லேசாச் சுட்டதுமே கலங்கும், ஓய். கொதிச்சா தெளிஞ்சுடும். ஆறினா திரும்பக் கலங்கும். அப்படி வந்தா எலும்புக்குள்ள புத்துநோய். டாக்டர் பாபுவே கையை விரிச்சுடுவார்."

"அப்புறம் எதுக்குக் கண்டுபிடிக்கிறேள்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். காப்பாற்றத் துப்பில்லாத இந்தச் சாஸ்திரத்தின்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றும் தீரவில்லை.

இந்த மழைக்காலம் முழுக்க ஜகதாம்பாளுக்கு முதுகு வலி. போன வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள், விலா எலும்பு முறிந்துவிட்டது. அந்நிய ஆண்பிள்ளையிடம் உடம்பைக் காட்டுவதற்குச் செத்துப்போகலாம் என்கிறாள். சோதனைச்சாலைக்குச் சிறுநீரைச் சீசாவில் அனுப்பவும் சம்மதிக்கவில்லை. "பார்க்கணும்னா நீங்களே இங்கே பாருங்கோ."

நேற்றுக் காலை ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் கொல்லைக்கு வந்தன. மாடி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை.

சூடு ஏறுவதற்குள்ளேயே குழாய் பாலாகக் கலங்கிற்று. நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஜகதாம்பாளின் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு கொதி வந்தது. கலங்கல் மெல்லக் கரைந்து, குழாய் தெளிந்தது.

"தெளிஞ்சுடுத்து! அம்பாள் கைவிடலை, பாத்தேளா!" விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். மடி, ஆசாரம் எல்லாம் மறந்து, ஸ்நானம் செய்யாத அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். "போறும், இறக்குங்கோ. கை சுட்டுக்கப் போறேள்."

"இதோ ஆச்சு" என்றார் பட்டாபிராமன்.

குழாயை இறக்கவில்லை. அது ஆறிவிடாதபடி சுடரின் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.