சவரிமுத்து சாரும் சுடாத துப்பாக்கிகளும்

காலையில் பால்காரர் வந்துபோன கையோடு தொலைபேசி அடித்தது. "சார், கலியபெருமாள் பேசுறேன். நம்ம சவரிமுத்து சார் போயிட்டாங்க சார். நாளைக்குப் பாபநாசத்துல அடக்கம். வந்துடுங்க." அவ்வளவுதான். எப்படி, என்ன என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டான். பேரன் பேத்தி எடுத்தவனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்தவன் எனக்கு என்றைக்கும் அவன்தான்.

அடுத்த அழைப்பு நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து வந்தது. மலரில் போட சாரைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். "அந்த என்.சி.சி. மார்ச் போன கதையை மட்டும் மறக்காம எழுதிடுங்க சார். மத்ததெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் செயலாளர். அந்த "மத்ததெல்லாம்" என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதையைப் பாதியில் நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும், கல்யாணத்தோடு படம் முடிகிற மாதிரி. எனக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. நான் சரித்திர வாத்தியார்.

சார் என்னை "சரித்திரம்" என்றே கூப்பிடுவார். "என்ன சரித்திரம், செத்துப்போன ராஜாவையெல்லாம் எழுப்பி விட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆசிரியர் அறைக்குள் நுழைவார். உடற்பயிற்சி ஆசிரியர், என்.சி.சி. பொறுப்பாளர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து குடியிருந்தோம். கஞ்சி போட்டு விறைத்த காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டால் அவரால் உட்காரவே முடியாது. நின்றபடியே காபி குடிப்பார். "முதுகு நிமிந்தா பாதி பயம் போயிடும், மீதிப் பயத்தோட வாழப் பழகிக்கணும்" என்று பையன்களிடம் சொல்வார். கோழை என்று யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை.

நம் பள்ளியை வெள்ளைக்கார குருமார்கள் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் அதற்கு நிலம் கொடுத்தவர் ஊரின் பெரிய மிராசுதாரான கிழக்குப் பண்ணையாரின் முன்னோர். முகப்புத் தாழ்வாரத்தில் பதித்திருந்த கல்லில் புனிதரின் பெயரைவிட அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ரொம்ப நாள் மிராசுதார் வீட்டுப் பையன்களும் கடைத்தெருப் பையன்களும்தான் படித்தார்கள். பிறகு வந்த ஒரு குருவானவர் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், பண்ணை வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளையும் கூட்டிவந்து சேர்த்தார். அதனால் பண்ணையாரின் பேரனும், அவர் வயலில் நடவு நட்ட அஞ்சலையின் மகன் கலியபெருமாளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் பானிபட் போரைப் படித்தார்கள். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில் இந்திக் கட்டளைக்கு அணிவகுக்க மாட்டோம் என்று இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று கோஷம் போட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அப்படியொரு ஒற்றுமையை நான் பார்த்தேன். சாரும் மேலதிகாரி வராத நாட்களில் "நேராய் நில்" என்று தமிழிலேயே கட்டளை கொடுத்துவிடுவார்.

பயிற்சிக்கு மரக்கட்டையும் இரும்புமாகத் துப்பாக்கிகள் இருந்தன. பார்வைக்கு அசல். ஆனால் சுட முடியாதபடி குழலின் பக்கவாட்டில் துளை போட்டுத்தான் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். கையில் வாங்கி உற்றுப் பார்த்தால்தான் துளை தெரியும். சுடாத துப்பாக்கிதான் என்றாலும் விளையாட்டுக்குக்கூட ஒருவன் இன்னொருவனை நோக்கி நீட்டினால் சாருக்குக் கோபம் வந்துவிடும். "எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் உள்ள குண்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் தொடணும். இதான் முதல் பாடம். இதான் கடைசிப் பாடமும்." அவர் முதுகுக்குப் பின்னால் பையன்கள் இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

அந்த ஆண்டு குறுவை அறுவடைக்கு முன்னாலேயே காற்று சரியில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணைகள் மறுத்தன. தெரு முனைகளில் செங்கொடி ஏறியது. மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. ஊரில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் வந்ததும் பேச்சு நின்றுபோகும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. பண்ணையார் பேரனும் கலியபெருமாளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்திருந்தது.

ஒருநாள் பண்ணையாரின் கார் பள்ளிக்குள் வந்தது. அவர் போனதும் தலைமையாசிரியரான ஃபாதர் சாரையும் என்னையும் அழைத்தார். வருஷாவருஷம் என்.சி.சி. பையன்கள் நடைப்பயணம் போவார்கள், ஆற்றங்கரை வழியாக. இந்த முறை கிழக்குச் சாலையில் போக வேண்டும் என்றார். கிழக்குச் சாலை நேரே தொழிலாளர் தெருவுக்குள் போகிறது.

"லாரி வர்ற அன்னைக்கா ஃபாதர்?" என்று சார் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது, சவரிமுத்து. அணிவகுத்துப் போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

"துப்பாக்கியோடயா?"

ஃபாதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "துப்பாக்கி இல்லாம என்ன அணிவகுப்பு?"

அவர் கெட்டவர் இல்லை. பண்ணையைப் பகைத்துக்கொண்டு பள்ளி நடத்த முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சார் மறுத்திருந்தால் வேறொருவரை அனுப்பியிருப்பார்கள். "வேற யாராவது கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தியா, சரித்திரம்?" என்று கேட்டபடி சார் பூட்ஸுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் கூட வருகிறேன் என்றேன். துணிச்சலால் சொல்லவில்லை. வீட்டில் தனியாக இருந்தால் இன்னும் பயமாக இருக்கும் என்றுதான்.

போனோம். இருபுறமும் விளைந்த கதிர் தலைசாய்ந்து நின்றது. எதிரே ஒரு மாட்டுவண்டிகூட வரவில்லை. எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, நாங்கள் நின்றால் நின்று, நடந்தால் ஊர்ந்து, வெளியாட்களை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. முன்னால் தெருமுனையில் ஆண்கள் கையில் அரிவாளோடு நின்றார்கள். பின்னால் பெண்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் வரிசையில் தோளில் துப்பாக்கியோடு, தன் தெருவுக்குள் தானே படை நடத்திப்போகிறவனாக, கலியபெருமாள். எதிரே அரிவாளோடு நின்றவர்களில் முன்னால் நின்றவர் அவன் அப்பா மாரிமுத்து.

"நில்!" என்றார் சார். தமிழில். பையன்கள் நின்றார்கள். கலியபெருமாளின் தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துபோய் மாரிமுத்துவின் கையில் கொடுத்தார். "இது சுடாதுங்க. பிள்ளைங்க பழகுற துப்பாக்கி. இந்தாங்க, இந்த ஓட்டையில விரலை விட்டுப் பாருங்க."

மாரிமுத்து மகனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அவர் சுண்டுவிரலைத் துளையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட கர்மமே! இதுக்கா விடிஞ்சதுலேருந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னோம்?" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது. ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அஞ்சலை பையன்களுக்கு நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தவர்களும் உண்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றவர்களும் உண்டு. பின்னால் வந்த லாரி திரும்பிப் போயிற்று. அந்த அறுவடைக்குப் பண்ணை இறங்கிவந்து கேட்ட கூலியைக் கொடுத்தது. சங்கத்துக்காரர்கள் விரும்பும் கதை இங்கே முடிகிறது.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை வந்தது. பண்ணை மறுபடியும் பழைய கூலி என்றது, மறுபடியும் லாரி வந்தது. இந்த முறை பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் துப்பாக்கியோடு வரப்பில் நின்றார். பண்ணைவீட்டுச் சுவரில் மாட்டிக்கிடந்த பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. மடை ஓரத்தில் கூடியிருந்தவர்கள் தயங்கினார்கள். மாரிமுத்து தயங்கவில்லை. "பள்ளிக்கூடத்துத் துப்பாக்கிடா, நான்தான் விரலை விட்டுப் பாத்தேனே. வாங்க" என்று சிரித்துக்கொண்டே வரப்பில் ஏறியிருக்கிறார். கிட்டப் போய், துளையைப் பார்க்கக் குனிந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் எங்களிடம் சொன்னது இது. வழக்கு நடந்தது. தற்காப்புக்குச் சுட்டது என்று தீர்ப்பானது.

சைக்கிளில் வந்த ஆள் பள்ளியில் செய்தி சொன்னபோது சார் மைதானத்தில் நின்றிருந்தார். கேட்டார். வாயில் வைத்திருந்த விசிலை எடுக்கவே இல்லை. அது வாயிலேயே இருந்தது, ஊதவும் இல்லை.

கருமாதிக்கு முன்பே நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். போக வேண்டாம், ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபத்தில் யாரும் இல்லை. அஞ்சலை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொட்டைத் தலையோடு கலியபெருமாள்.

"அவுங்க ஓட்டை இருக்கான்னு பாக்கத்தான் போனாங்க சார்" என்றார் அஞ்சலை. "இனிமே எப்படி சார் தெரிஞ்சுக்கிறது? எது சுடும், எது சுடாதுன்னு? சின்னவனையும் வயலுக்குத்தானே அனுப்பணும்" என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்த மனிதரிடம் தெரியாத ஒன்றைக் கேட்கிற குரல்தான் அது.

"பாத்துத் தெரிஞ்சுக்க முடியாதும்மா" என்றார் சார். "எல்லாமே சுடும்னுதான் நினைச்சுக்கணும்."

"அதையும் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

அந்த நிமிர்ந்த முதுகு வளைந்து நான் பார்த்தது அப்போதுதான். அடுத்த வாரமே என்.சி.சி. பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கலியபெருமாளின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். பண்ணையார் பேரன் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அந்த வகுப்புக்குள் போகும்போதெல்லாம், இன்றைக்கு ஏதாவது நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஓய்வுபெற்று சார் பாபநாசத்துக்குப் போன பிறகு, கலியபெருமாள் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டுக்குப் போய்வந்தான். மருந்து வாங்கிக் கொடுப்பான், பேப்பர் படித்துக் காட்டுவான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று தெருவே சொல்லும். கடைசியாக நான் பார்க்கப் போனபோது சார் கட்டிலில் கிடந்தார். தேற்றலாம் என்று, "நீங்க சொன்னது உண்மைதானே? அந்தத் துப்பாக்கி சுடாதுதானே?" என்றேன்.

"உண்மைதான் சரித்திரம். பாதி உண்மை. அந்த மனுசன் அதை முழுசுன்னு நம்பிட்டாரு. அவரு வாழ்க்கையில நம்பறதுக்கு வேற என்ன குடுத்திருந்தோம்? நான்ல யோசிச்சிருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்தப் பய வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா, ஏன் சார் அன்னைக்கு மீதியைச் சொல்லலைன்னு இன்னைக்குக் கேட்டுடுவான்னு நினைக்கிறேன். ஒரு நாள் கேக்கத்தானே வர்றான்."

அடக்கத்தில் நல்ல கூட்டம். பண்ணையார் பேரனும் வந்திருந்தான், மாலை போட்டான், யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போனான். எல்லோரும் மண் போட்டு நகர்ந்த பிறகு கலியபெருமாள் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், நான் ஒரு நாளும் அவுங்களைக் குத்தமா நினைச்சதில்ல. அது அவுங்களுக்குத் தெரியும்ல?"

"நீ சொன்னியா?"

"அதை எப்படி சார் வாயால சொல்றது? அதான் வாராவாரம் போயிட்டிருந்தேனே."

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்லறையில் நிற்பவனிடம் எவனும் அதைத்தான் சொல்வான். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து, 'இது சுடாதுங்க' என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவர் சுமந்து சுமந்து தேய்ந்ததைப் பார்த்தவன் நான். ஆறுதலுக்காகப் பாதியைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"தெரியாது, கலியபெருமாள்" என்றேன். "கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நான் செய்தது சரியா என்று கேட்க எனக்கு ஒருவர்தான் இருந்தார்.