முடிவின் மேல் ஒரு புகார்

அந்த அலுவலகத்தில் அவளைச் சுவரக்கா என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் ஒன்றைப் பத்தாக்குவது வழக்கம், இதில் அந்தக் கலப்படமே கிடையாது. காலை ஒன்பதரைக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வீடியோ கேமுக்குள் இருக்கிற வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டுவதுதான் அவள் வேலை. எங்காவது சுவர் வழிவிட்டு, ஆடுகிறவர் பாதாளத்தில் விழுந்தால் அது பிழை. எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கில் இருந்தாள். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் அலமாரிகளின் இழுப்பறைகளை இழுத்துப் பார்த்து, எது சிக்குகிறது, எது ஆடுகிறது என்று சீட்டு ஒட்டுகிற வேலை. கடையை மூடிவிட்டார்கள். கல்லூரியில் படிக்கிற மகள்தான் இந்த விளம்பரத்தைக் காட்டினாள். "குறை கண்டுபிடிக்கப் பொறுமையான ஆள் வேணுமாம். உன்னை மனசுல வெச்சே எழுதியிருக்காங்கம்மா." நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாகக் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தாள். கேமுக்குள் இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாம் நாள்தான் தலையைக் குனிய வந்தது.

வேலை நிரந்தரமில்லை. ஒரு கேம் வெளிவந்ததும் போகச் சொல்லிவிடுவார்கள். அடுத்தது தொடங்கும்போது கூப்பிட்டால் உண்டு. இப்போது நடப்பது மூன்றாவது. "இது மட்டும் சொன்ன தேதிக்கு வெளிய போயிடட்டும், உங்களை நிரந்தரமாக்கிடறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை. வீட்டில் சொன்னதும் மகள், "அப்போ நான் கடை வேலையை விட்டுட்டுப் படிப்பை மட்டும் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி சுவரக்காவின் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

கேமில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. நடப்பதுதான். பல வருஷம் கழித்து ஒரு மகள் வீடு திரும்புகிறாள். வீட்டில் அம்மா இல்லை. அறை அறையாக நடந்து, இழுப்பறைகளைத் திறந்து, மருந்துச் சீட்டு, பாதி பின்னிய ஸ்வெட்டர், அனுப்பாத கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தேட வேண்டும். மாடியில் ஒரு அறை பூட்டியிருக்கும். மூன்று மணி நேரம் தேடினால் சாவி கிடைக்கும். கதவைத் திறந்ததும் திரை வெள்ளையாகிவிடும். இசை வரும். உழைத்தவர்களின் பெயர்கள் ஓடும். அவ்வளவுதான்.

நாலு மாதமாக இந்த வீட்டில் துண்டு துண்டாக முட்டியவள் அவள். பூட்டிய அறையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தாள். கடைசி மாதத்தில்தான் முதலிலிருந்து ஒரே மூச்சில் ஆடினாள். வெள்ளைத் திரை வந்தபோது பொசுக்கென்று போய்விட்டது. அப்புறம் கோபம் வந்தது. வீட்டுக்கு வா வா என்று கூப்பிட்டுவிட்டு வாசலோடு திருப்பி அனுப்பினால் வருமே, அந்தக் கோபம்.

சோதிக்கிறவர்கள் கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. படிவத்தில் மூன்றே கட்டம்தான். எங்கே: மாடி அறை. என்ன: கதவு திறக்கிறது, உள்ளே போக முடியவில்லை. எத்தனை மோசம்: ஒன்றாம் நிலை, ஆட்டத்தை முடிக்க முடியவில்லை.

ஒன்றாம் நிலைப் பிழை ஒன்று பாக்கியிருந்தாலும் கேம் வெளியே போகாது. அதைப் போட்டவரே சரியாகிவிட்டது என்று மூடினால்தான் உண்டு. மேனேஜரே கொண்டுவந்த சட்டம் இது. தன் வேலைக்குத் தானே வேட்டு வைக்கிறோம் என்று தெரிந்துதான் பொத்தானை அமுக்கினாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "அக்கா, அது பிழை இல்ல. முடிவு."

"முடிவுன்னு எப்படி சார் தெரியும்?"

"அதான் பேரெல்லாம் ஓடுதே!"

"பேர் ஓடுது சார். நான் இன்னும் வாசல்லயே நிக்கிறேன்."

இரண்டு நாளில் புது முடிவு வந்தது. கதவைத் திறந்தால் மேசை மேல் நாலு பக்கக் கடிதம். எங்கே போனாள், ஏன் போனாள், யாரை மன்னித்தாள், யாரை மன்னிக்கவில்லை என்று ஒன்று விடாமல் அம்மாவின் குரலே படித்துக் காட்டுகிறது. படித்து முடித்ததும் மறுபடி வெள்ளைத் திரை. சுவரக்கா அதே பிழையை அதே நிலையில் திரும்பத் திறந்தாள்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்? பதில் கேட்டீங்க, குடுத்தாச்சு!"

"நான் பதிலே கேக்கலையே சார்."

"தேதிக்கு இன்னும் நாலு நாள்தான். உங்க வேலையும் இதுல சேர்ந்துதான் தொங்குது. யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். மகளிடம் சொன்னாள். மகள் கேட்டாள்: "நீ பேசாம மூடிட்டா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"உனக்குத் தெரியும்ல? அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற?" என்று சொல்லிவிட்டுக் கடைச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மறுநாள் கதாசிரியரே வந்தார். முப்பது வயது, தாடி, உலகத்தில் எதற்கும் விடை கிடையாது என்ற கொள்கை. அந்த நாலு பக்கக் கடிதத்தை எழுத வைத்ததில் அவரும் நொந்து போயிருந்தார்.

"அக்கா, வாழ்க்கையில எல்லாத்துக்கும் பதில் கிடைச்சிடுதா என்ன?"

"கிடைக்காது தம்பி. உங்க பழைய முடிவையே வெச்சு ஒரு தடவை ஆடுங்களேன். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

எந்தக் குச்சியைத் தள்ளினால் நடக்கும் என்று அவர் கேட்டார். அப்போதுதான் குட்டு உடைந்தது. எழுதினாரே தவிர, அந்த வீட்டை அவர் ஒரு தடவைகூட முழுசாக நடந்து பார்த்ததில்லை.

மூன்று மணி நேரம் நடந்தார். ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அனுப்பாத கடிதத்தை, தானே எழுதியது என்பதை மறந்து, இரண்டு தடவை படித்தார். சாவி கிடைத்ததும் படியேறினார். கதவைத் திறந்தார். திரை வெள்ளையானது. ஓடிய பெயர்களில் முதல் பெயர் அவருடையது. அதை அவர் கவனிக்கவில்லை.

"தம்பி, உங்க கையைப் பாருங்க."

கன்ட்ரோலரின் குச்சியை அவர் கட்டைவிரல் இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கதை முடிந்து ஒரு நிமிஷம் ஆகியும் அவர் அறைக்குள் நடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா இல்லேன்னா இல்லாமலே இருக்கட்டும்" என்றாள் சுவரக்கா. "அவங்க இருந்த ரூம்ல கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்னு அந்தப் பொண்ணு வந்திருக்கா. கதவைத் திறந்ததும் பிடிச்சு வெளிய தள்ளினா எப்படி?"

அவர் விரலை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு பக்கக் கடிதத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டார்.

அறையைக் கட்ட ஒன்பது நாள் பிடித்தது. தேதி தவறியது. மேனேஜர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். நிரந்தரம் என்ற பேச்சையே அவள் எதிர்பார்க்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று மேசையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தாள். கதவு திறந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். கடிதம் கிடையாது, விளக்கம் கிடையாது, அம்மாவும் கிடையாது. உள்ளே போனாள். போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் மெதுவாகத் தரையில் நகர்ந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். அதன் பிறகுதான் பெயர்கள் ஓடின. பிழையை மூடினாள்.

பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "அம்மா கிடைச்சாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி சரியாயிடுச்சுன்னு மூடுனீங்க?"

"போன தடவை நீங்க அனுப்புனீங்க. இந்தத் தடவை நானா கிளம்பினேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க. தேதி போனா போகுது, மேல நான் பேசிட்டேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் மகளுக்கு போன் போட்டாள். கடை இரைச்சலில் பாதிதான் கேட்டிருக்கும், ஆனாலும் மகள் கத்திய கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"அப்போ இப்பவே சொல்லிட்டு வந்துடட்டுமாம்மா?"

"சும்மா இருடி" என்றாள் அம்மா. "உன் முன்னாடி நிக்கிறவங்களை அனுப்பிட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, நிதானமா கிளம்பி வா."